ஃப்ளை ராடின் (செயற்கை ஈ கட்டி மீன் பிடிக்கும் தூண்டில் கோல்) துண்டுகள் சேரும் மூட்டு வீசும்போது தளர்ந்துவிடுகிறது, பிரிக்கும்போது இறுகிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: மூட்டைச் சுத்தமாக வைத்து, கொஞ்சம் மெழுகு தடவுவது. ஆனால் இறுகிய மூட்டு நேரத்தைத்தான் தின்னும். தளர்ந்த மூட்டு ராடையே தின்றுவிடும். அதனால் தளர்வைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

என் முதல் நான்கு துண்டு ராட் அப்படித்தான் போனது. 9 அடி, 5-ஆம் எடை (ராடுக்குப் பொருந்தும் லைனின் எடை எண்). காலையில் மாட்டியதோடு சரி, மதியம் வரை மூட்டுகளைத் தொட்டே பார்க்கவில்லை. மீன்கூட மாட்டவில்லை, சாதாரணமாக லைனைப் பின்னால் எடுத்து முன்னால் விட்டபோது 'டக்' என்று ஒரு சத்தம். நுனித் துண்டின் பெண் முனை, அதாவது அடுத்த துண்டின் ஆண் முனை உள்ளே நுழையும் வாய், நீளவாக்கில் பிளந்திருந்தது. அன்று வாங்கிய பாடத்தை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

ஏன் பிளக்கிறது? ராட் வளையும்போது வரும் விசையை, ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கும் அந்த முழு நீளமும் சேர்ந்துதான் தாங்குகிறது. மூட்டு கொஞ்சம் நழுவிவிட்டால், அத்தனை விசையும் பெண் முனையின் மெல்லிய விளிம்பில் வந்து விழும். ராடில் இருக்கும் கிராஃபைட் (கார்பன்) இழைகளில் பெரும்பாலானவை நீளவாக்கில்தான் ஓடுகின்றன, ஆகவே விரிசலும் அந்த வழியிலேயே போகிறது. அந்த இடத்தில் நூல் சுற்றி வார்னிஷ் பூசியிருப்பது அழகுக்காக மட்டுமில்லை, வாய் விரியாமல் பிடித்து வைக்கத்தான்.

மாட்டும் முறை இது. முதலில் ஆண் முனையை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் போதும், சுவரைக் கீறிவிடும். நுனியிலிருந்து ஆரம்பித்துக் கீழே வாருங்கள், அப்போது நீளமான ராட் கையில் ஆடாது. லைன் ஓடும் வளையங்கள் ஒரே கோட்டில் இல்லாமல், கால் சுற்று விலகியிருக்கும்படி வைத்துச் சொருகி, அழுத்திக்கொண்டே திருப்பி நேராக்குங்கள். நேராகச் சொருகுவதைவிட இது நன்றாகக் கவ்வும். கை எப்போதும் மூட்டுக்கு அருகில் குழாயில்தான் இருக்க வேண்டும், வளையத்தைப் பிடித்துத் திருகவே கூடாது.

மூங்கில் ராட் வைத்திருப்பவர்கள் மட்டும் இந்தத் திருகலைச் செய்ய வேண்டாம். அதில் மூட்டு உலோகத்தால் ஆனது, பெரும்பாலும் நிக்கல் சில்வர். பெயரில்தான் வெள்ளி உண்டு, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். நேராகத்தான் சொருக வேண்டும், நேராகத்தான் இழுக்க வேண்டும். திருகினால் உலோகத்துக்கும் மூங்கிலுக்கும் இடையே உள்ள பசை விட்டுப்போகும். அதற்கு மெழுகும் ஆகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் உள்ளும் வெளியும் துடைத்தாலே போதும்.

கிராஃபைட் ராடுக்குச் சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி, அதாவது பாரஃபின், நன்றாகவே வேலை செய்யும். தேன்மெழுகை நான் பயன்படுத்துவதில்லை, பிசுபிசுப்பில் தூசி ஒட்டிக்கொள்கிறது. ஆண் முனையில் நீளவாக்கில் நான்கைந்து கோடு இழுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பரப்புங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு படலம்தான் வேண்டும். அது வழுக்கிக் கழலாமலும் பிடிக்கிறது, ஒட்டிக்கொள்ளாமலும் காக்கிறது. பழைய மெழுகின் மேலேயே திரும்பத் திரும்பப் பூசாதீர்கள். ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள்.

அப்புறம், தண்ணீரில் நிற்கும்போது அரைமணிக்கு ஒருமுறை எல்லா மூட்டையும் தொட்டு அழுத்திப் பாருங்கள். இவ்வளவு எழுதியதில் ஒன்றைத்தான் நினைவில் வைப்பேன் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஈ மாற்றும் நேரத்தையே இதற்கான நேரமாக வைத்துக்கொண்டால் மறக்காது. மூட்டின் இருபுறமும் சின்னப் புள்ளி இருந்தால் பார்த்தவுடனேயே விலகல் தெரியும். இரு கையால் வீசும் ஸ்பே ராடுகளில் முறுக்கு விசை அதிகம் என்பதால், பலரும் மூட்டின் மேல் டேப் சுற்றிவிடுகிறார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் அன்று மாலையே உரித்துவிடுங்கள்.

சரி, இறுகிவிட்டால்? பிளையர் எடுக்காதீர்கள், சூடு காட்டாதீர்கள். சூட்டில் கிராஃபைட்டைப் பிணைத்திருக்கும் பிசின் இளகும். மூட்டு நடுவில் வரும்படி ராடை முழங்கால்களுக்குப் பின்னால் கிடையாகப் பிடித்து, கைகளைக் கால்களுக்கு வெளியே மூட்டின் இருபக்கமும் வைத்து, முழங்கால்களை மெல்ல அகட்டுங்கள். கால்களின் பலம் கைகளை நேர்கோட்டில் தள்ளும், ராட் வளையாது. கூட ஒருவர் இருந்தால் எதிரெதிரே நின்று, ஒவ்வொருவரும் மூட்டின் ஒரு பக்கம் ஒரு கை, மறுபக்கம் மறு கை என்று வைத்து ஒரே நேரத்தில் இழுங்கள். வழுக்கினால் ரப்பர் கையுறை உதவும். அதற்கும் அசையாவிட்டால் சில நிமிடம் ஐஸ் ஒற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

வீட்டில் மாட்டியபடியே சாத்தி வைக்காதீர்கள், நாள்கணக்கில் இருந்தால் மூட்டு ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு ராட் வைக்கும் உறைக்குழாய்க்குள் போட்டு மூடவும் கூடாது, பூச்சு கொப்பளித்துவிடும்.

பழைய ராட் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். உள்ளே திடமான முளை வைத்த ஸ்பிகாட் மூட்டில், மாட்டியபின் இரு துண்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். முளை தேயத் தேய அது குறையும். இடைவெளி முழுவதும் மூடிவிட்டால், நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் மூட்டு இறுகாது. அந்த நிலையில் மெழுகையோ டேப்பையோ நம்பி வீசாமல், ராட் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.