ட்ரவுட் தூண்டிலுக்கு எத்தனை லீடர் வேண்டும்?

கேள்வி: 5-ம் எண் ராடில் (தூண்டில் கோலில்) 9 அடி, 5எக்ஸ் லீடர் (தடித்த லைனையும் ஃப்ளையையும் இணைக்கும், நுனி நோக்கி மெலியும் நரம்பு) போட்டிருக்கிறேன். சின்ன டிரை ஃப்ளைக்கு (நீர்மேல் மிதக்கும் செயற்கைப் பூச்சி) சரியாக இருக்கிறது. 6-ம் எண் கொக்கியுள்ள ஸ்ட்ரீமர் (சிறுமீன்போல் நீருக்குள் இழுக்கும் பெரிய ஃப்ளை) கட்டினால் நரம்பு முறுக்கிக்கொள்கிறது, மீன் அடித்ததும் அறுந்துவிடுகிறது. ஒவ்வொரு ஃப்ளைக்கும் தனி லீடர் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், இரண்டு போதும். ஸ்ட்ரீமருக்கு ஏழரை அடி, 2எக்ஸ். மற்றதற்கெல்லாம் 9 அடி, 4எக்ஸ். கூடவே 4, 5, 6எக்ஸ் டிப்பெட் (லீடர் நுனியில் சேர்த்துக் கட்டும் மெல்லிய நரம்பு) சுருள்கள்.

எக்ஸ் என்பது நுனியின் கனம். 11-லிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று தெரியும். 5எக்ஸ் என்றால் 0.006 அங்குலம், அதாவது 0.15 மி.மீ. கொக்கி எண்ணை (எண் கூடக் கூடக் கொக்கி சிறிது) மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய எந்த எக்ஸ் என்று வந்துவிடும்: 16-ம் எண்ணுக்கு 5எக்ஸ், 6-ம் எண்ணுக்கு 2எக்ஸ். உங்கள் சிக்கல் இங்கேதான். காற்றில் சுழலும் பெரிய ஃப்ளையை மெல்லிய நரம்பால் அடக்க முடியாது. லைனை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மீன் அடிப்பதால் அதிர்ச்சி முழுவதும் நுனியில் விழுகிறது. மாறாக, 20-ம் எண் ஃப்ளையைத் தடித்த நரம்பில் கட்டினால் அது நீரோட்டத்தோடு இயல்பாக மிதக்காது. விறைத்து இழுபடும் ஃப்ளையை ட்ரவுட் தொடாது.

நீளத்தை முடிவு செய்வது தண்ணீர். சலனமில்லாத தெளிந்த மடுவில் டிப்பெட் சேர்த்து 12 அடி வரை நீட்டலாம். மூழ்கும் லைனுக்கு 3, 4 அடியே போதும். நீளம் கூடினால் லைன் ஆழத்துக்குப் போனாலும் ஃப்ளை மேலேயே நிற்கும். மேலே மிதக்க நைலான், நிம்ஃபை (நீருக்குள் வாழும் இளம்பூச்சி போன்ற ஃப்ளை) இறக்க ஃப்ளூரோகார்பன். லைனோடு சேரும் லீடரின் அடிப்பகுதி 0.020 அங்குலக் கனத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் லைன் முடியும் இடத்திலேயே மடங்கி, லீடர் குவியலாக விழும். இதை வீச்சின் குறை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

ஃப்ளை மாற்றும்போதெல்லாம் சில அங்குலம் போகும். நுனி குட்டையாகி, கனமான பகுதி ஃப்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது ஒன்றரை முதல் இரண்டு அடி டிப்பெட்டை இப்படிச் சேருங்கள்: லீடர் நுனியையும் டிப்பெட்டையும் அரை அடி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் போடுங்கள். லீடர் நுனியையும் டிப்பெட்டின் முழு நீளத்தையும் வளையத்துக்குள் இரண்டு முறை நுழையுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, நான்கு இழைகளையும் ஒரே சீராக இழுத்து இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் நரம்பு வெந்து, முடிச்சிலேயே அறும். கனத்தில் இரண்டு எக்ஸுக்கு மேல் வித்தியாசம் வேண்டாம், முடிச்சு வழுக்கும்.

அவ்வப்போது நுனியை விரல் நகத்தில் வருடிப் பாருங்கள். காற்றில் தானாக விழுந்த முடிச்சு ஒன்று இருந்தாலும் நரம்பின் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதைப் பிரிக்க முயலாமல் அந்த இடத்திலேயே வெட்டி, புது டிப்பெட் கட்டிவிடுங்கள்.