வண்டி யார்டில், புத்தகம் இன்னொருவர் பெயரில்

உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தென்பக்கத்து விமான நிலையம் ஒன்றில், ஒப்பந்தக் கொம்பனி ஒன்றின் கீழ் துப்புரவுப் பகுதியில் வேலை. எந்த இடம், எந்தக் கொம்பனி என்று போட வேண்டாம், பாஸைப் பறித்துவிடுவார்கள் என்கிறார். போடவில்லை. அம்மம்மாவின் அந்தியேட்டிக்காக நாலு நாள் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். மோட்டார் சைக்கிளை ஊழியர் தரிப்பிடத்திலேயே பாஸ் ஒட்டி, பூட்டிவிட்டு, இரவு பஸ் ஏறியிருக்கிறார். திரும்பிப் போனால் வண்டியைக் காணவில்லை. காவலாளிகளிடம் கேட்டபோது, இழுத்துக்கொண்டுபோய் யார்டில் போட்டிருப்பதாகவும், வண்டியின் பதிவுப் புத்தகத்தில் உள்ள உரிமையாளர் வந்தால்தான் விடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வண்டி இவர் பெயரில் இல்லை. கிண்ணியாவில் ஒருவரிடம் இரண்டு வருடத்துக்கு முன் ஓப்பன் பேப்பரில், அதாவது பெயரை மாற்றாமல், வாங்கியது. அந்த மனிதர் இப்போது கட்டாரில். இதற்கிடையில் வாசலில் நின்ற ஒருவர், 25,000 ரூபாய் தந்தால் நாளைக்கே எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். பாஸ் ஒட்டிய வண்டியைச் சொல்லாமல் தூக்கலாமா, அந்த ஆளுக்குக் காசு கொடுக்கலாமா என்பவை தம்பியின் இரண்டு கேள்விகள்.

இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். ஒரு சதமும் வேண்டாம்.

முதல் கேள்விக்கு வருவோம். ஊழியர் பாஸ் என்றால், அந்த இடம் நமக்கு எழுதித் தந்த காணி என்று பலர் நினைக்கிறார்கள். அது வெறும் அனுமதி. அதுவும் பெரும்பாலும் டியூட்டி நேரத்துக்கு மட்டுமான அனுமதி. பாஸின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், அல்லது பாஸ் எடுக்கும்போது கையெழுத்து வைத்த தாளைப் பாருங்கள். ‘கடமையில் இருக்கும்போது’ என்பதுபோல ஒரு வரி அநேகமாக இருக்கும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருக்கும், நீங்கள் வாசிக்காமல் ஒப்பம் வைத்திருப்பீர்கள். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பாஸுக்குப் பின்னால் இரண்டு வரி தமிழில் அடிக்க இன்னும் மை கிடைக்கவில்லை போலும்.

லீவில் போகும்போது அங்கே வண்டியை விட்டது அந்த அனுமதிக்கு வெளியே போன காரியம். எனவே ‘சொல்லாமல் தூக்கலாமா’ என்று சண்டைக்குப் போனால் அநேகமாகத் தோற்பீர்கள். கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம், உங்கள் எண் அவர்களிடம் இருக்கிறது, அது மரியாதை. மரியாதை இல்லை என்பதற்காக வழக்கு வெல்லாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். விமான நிலையம் ஆஸ்பத்திரி வளவு மாதிரியான இடமல்ல. கட்டுநாயக்காவில் 2001 ஜூலை 24 அன்று தாக்குதல் நடந்த பிறகு, எந்த விமான நிலையத்திலும் நாலு நாள் ஆளில்லாமல் நிற்கும் வண்டியை யாரும் வெறும் வண்டியாகப் பார்ப்பதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, நிறுத்திய வாகனங்களில் தொலைபேசி எண்ணை எழுதி வைக்கச் சொன்னது உங்களுக்கும் நினைவிருக்கும். யுத்த காலத்தில் திருமலை பஸ் நிலையத்தடியில் ஒரு சைக்கிள் ஆளில்லாமல் நின்றால் வீதியையே மூடிவிடுவார்கள். இன்று நம்மூரில் கேள்வி கணக்கில்லாமல் எங்கேயும் நிற்கக்கூடியது கோட்டையடி மான்கள் மட்டும்தான்.

சரி, இழுத்தது பெரிய விஷயமல்ல. கட்டணத்தைக் கட்டினால் தீரும். தம்பியைக் கட்டிப்போட்டிருப்பது ஓப்பன் பேப்பர்.

இதைப் பற்றி எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை. விற்பவர் எம்.டி.ஏ. 6 என்ற உரிமை மாற்றப் படிவத்தில் ஒப்பம் வைத்து, வாங்குபவரின் பெயர் எழுதும் இடத்தை வெற்றாக விட்டுத் தருகிறார். வாங்கியவர் அதை அலுமாரியில் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு வண்டி ஓடுகிறார். பிறகு அதே தாளோடு இன்னொருவருக்கு விற்கிறார். நாலு கை மாறிய பிறகும் புத்தகத்தில் முதல் ஆளின் பெயர்தான். வண்டி கைமாறினால் 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பெயரை மாற்ற வேண்டும் என்பது சட்டம். நம்மவர்கள் மாற்றாததற்குச் சொல்லும் காரணம், கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள திணைக்களத்துக்கு யார் போய் ஒரு நாள் முழுக்க நிற்பது என்பது. அது பொய்யான காரணமுமல்ல. திருகோணமலையிலிருந்து கொழும்புக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். ஒரு மோட்டார் சைக்கிளின் பெயரை மாற்ற இரண்டு நாள் கூலியை இழக்க வேண்டும் என்றால், சாதாரண மனிதன் என்ன செய்வான்? திணைக்களம் இதை யோசிப்பதில்லை. யோசிக்காத இடத்தில்தான் புரோக்கர் கதிரை போட்டு உட்கார்கிறார்.

விமான நிலைய வாசலில் நின்றவரும் அந்த இனம்தான். 25,000 வாங்கிக்கொண்டு அவர் செய்யப்போவது இரண்டில் ஒன்று. நீங்களே போய்க் கட்டக்கூடிய கட்டணத்தை அவர் போய்க் கட்டுவார், மிச்சம் அவருக்கு. அல்லது கட்டாரில் இருப்பவரின் ஒப்பத்தைப் போலியாக வைத்து ஒரு கடிதம் தயாரிப்பார். இரண்டாவது நடந்தால், போலிக் கடிதத்தோடு பாதுகாப்பு வலயத்துக்குள் போன ஆள் நீங்கள் என்று ஆகும். தரிப்பிடக் குற்றம் எங்கே, போலி ஆவணக் குற்றம் எங்கே! பின்னதற்கு மறியல் உண்டு. உங்களிடமுள்ள ஓப்பன் பேப்பரின் மூலப்பிரதியை அந்த ஆள் கேட்டால், பார்க்க மட்டும் என்றாலும், கொடுக்க வேண்டாம். அந்தத் தாளில் யாரும் தன் பெயரை எழுதிவிடலாம். எழுதினால் வண்டி அவருடையது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் அந்தக் கிண்ணியாக்காரரைக் கட்டாரில் பிடியுங்கள். கெஞ்ச வேண்டாம். ‘அண்ணன், வண்டி விமான நிலையத்தில் ஆளில்லாமல் நின்று பிடிபட்டிருக்கிறது, புத்தகத்தில் உங்கள் பெயர், விசாரணை என்று வந்தால் உங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். காசுக் கணக்கு முடிந்த மனிதர் உங்கள் போனை எடுக்காமல் விடலாம், இதற்கு எடுப்பார். புத்தகத்தில் பெயர் இருக்கும்வரை தலையிடி அவருக்கும்தான். விற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது.

அவரிடமிருந்து ஒரு கடிதமும், கடவுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதிகளும் வாங்குங்கள். வண்டி இலக்கம், எஞ்சின் இலக்கம், சேசிஸ் இலக்கம், எடுக்க வருபவரின் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். சில இடங்களில் இது போதும். போதாது என்றால் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்குப் பதிலாக நீங்கள் செயற்படலாம் என்று அவர் தரும் அதிகாரப் பத்திரம், கேட்பார்கள். அதற்கு அவர் தோஹாவில் உள்ள நம் தூதரகத்துக்குப் போய் ஒப்பம் வைக்க வேண்டும், பிறகு அந்தப் பத்திரத்தைக் கொழும்பில் உறுதிப்படுத்திப் பதிய வேண்டும். ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்கிறேன். ஆகவே முதலில் உங்கள் கொம்பனியின் மேற்பார்வையாளரைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரியிடம் போய், எந்தத் தாள் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கு இங்கே அவ்வளவுதான் மதிப்பு. குரலை உயர்த்தவும் வேண்டாம், வண்டியைவிடப் பாஸ் பெரிது.

உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தியக் கடதாசியும் முடித்து வையுங்கள். எப்போது, எவ்வளவுக்கு, யாரிடம் வாங்கினீர்கள், அன்றிலிருந்து வண்டி உங்களிடம்தான் இருந்தது என்று உண்மையை எழுதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிடுங்கள். வாங்கிய அன்று காசு கொடுத்ததற்கு ஏதாவது துண்டு இருந்தால் சேருங்கள். வேலையிடத்துப் பக்கத்துப் பொலிஸில் ஒரு முறைப்பாடும் போடுங்கள், ‘திருட்டு’ என்று அல்ல, ‘வண்டி இன்ன இடத்தில் இருப்பதாகச் சொல்லப்பட்டது’ என்று. அங்கே சிங்களத்தில்தான் எழுதுவார்கள். வாசித்து விளங்காத எதிலும் ஒப்பம் வைக்க வேண்டாம். தமிழில் சொல்லவும் எழுதித் தரவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழ் தெரிந்தவர் டியூட்டிக்கு வரும்வரை இருங்கள். அரை நாள் போகும், போகட்டும்.

யார்டில் நாள் கணக்கில் வாடகை ஏறும். அது நியாயமா என்று பிறகு வாதாடலாம், முதலில் கட்டி எடுங்கள். கட்டும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள். சீட்டில்லாத காசு லஞ்சம், யார் வாங்கினாலும். சீட்டின் பிரதியில் ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்’ என்று உங்கள் கையால் எழுதித் திகதி போடுங்கள். ஹேண்டில் பூட்டியிருந்த வண்டியை இழுத்திருக்கிறார்கள் என்றால் எங்கேயாவது அடிபட்டிருக்கும். ஒப்பம் வைக்க முன் சுற்றிவர வீடியோ எடுங்கள். ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாள் நீட்டுவார்கள். கீறல், வளைவு எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிட்டு ஒப்பமிடுங்கள்.

 

லீசிங்கைப் பற்றியும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், உங்களுக்குப் பொருந்தாது என்று நீங்கள் நினைத்தாலும். வேலையிடத் தரிப்பிடத்தில் வண்டி காணாமல் போனால் எல்லோரும் நிர்வாகம்தான் இழுத்தது என்று நினைக்கிறார்கள். சில நேரம் தவணை கட்டாத வண்டியை லீசிங்காரரின் ஆட்கள் அங்கேயே வந்து தூக்குகிறார்கள். காவலாளிக்கு இரண்டும் ஒன்றுதான், ‘இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்’ என்பார். ஆகவே யார் இழுத்தது என்று முதலில் உறுதிப்படுத்துங்கள். புத்தகத்தில் பதிவு உரிமையாளரைத் தவிர ‘முழு உரிமையாளர்’ என்று ஒரு இடம் உண்டு. அங்கே நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் இருந்தால் வண்டி இன்னும் கடனில் இருக்கிறது. ஓப்பன் பேப்பர்காரர் இந்த இடத்தைக் காட்டமாட்டார், போட்டோப்பிரதியில் அந்தப் பக்கம் மங்கலாக விழுந்திருக்கும். உங்களிடம் இருப்பது மூலப் புத்தகமா பிரதியா? பிரதி என்றால் சந்தேகப்படுங்கள். மூலப் புத்தகம் பெரும்பாலும் கடன் கொடுத்தவரிடம் இருக்கும். அப்படியானால், விற்றவர் தவணையை நிறுத்தியதற்கு உங்கள் வண்டி போயிருக்கிறது. நீங்கள் கொடுத்த காசுக்கு அந்த நிறுவனம் பொறுப்பல்ல, விற்றவரைத்தான் பிடிக்க வேண்டும், அவர் கட்டாரில். நிதிக் குத்தகைக்கென்று 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. வண்டி எடுக்க வந்தவர்களிடம் அதிகாரக் கடிதம் இருந்ததா, முன்கூட்டி எழுத்தில் அறிவித்தார்களா என்று கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையும் முதலில் ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவருக்கே. மறுபடியும் பெயர்.

தரிப்பிட விதியே கையில் வேண்டும் என்றால், அந்த விமான நிலையம் அரச நிறுவனத்தின் கையில் இருக்கிறபடியால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். தருவோமா மாட்டோமா என்று 14 வேலைநாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்று சாட்டு வரலாம். வாடகைக் கட்டணப் பட்டியலை மட்டும் கேளுங்கள், அதில் என்ன இரகசியம் இருக்கப்போகிறது?

வண்டி கைக்கு வந்ததும் அந்தக் கடிதத் தொடர்பு ஆறுவதற்குள் பெயரை மாற்றிவிடுங்கள். பிந்தியதற்கு மேலதிகக் கட்டணம் கேட்பார்கள், கட்டுங்கள். யார்டுக்குப் போகும்போது சாவியோடு ஒரு போத்தல் பெட்ரோலும் கொண்டுபோங்கள். பல நாள் யார்டில் நின்ற வண்டியின் டாங்கியில் பெட்ரோல் இருக்காது, எங்கே போனது என்று கேட்டும் பயனில்லை.