கம்பெனி பிக்கப்பில் சப்வூஃபர்: புதிதாக வந்த தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஏர்கான் பொருத்தும் நிறுவனத்தில் வேலை. முதலாளி ஓட்டக் கொடுத்திருப்பது ஒரு பிக்கப். முன் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு குட்டி இருக்கைகள் உள்ள நீட்டிய கேபின். ஊரில் சுற்றுலா வேன் ஓட்டியபோது அடித்தொனிக்கென்றே உள்ள பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபர், 12 அங்குலத்தில் இரண்டு வைத்திருந்தீர்கள். அதையே இங்கேயும் வைக்கலாமா, நாள் முழுவதும் ஓட்டும்போது வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வெறுமை எனக்கு நன்றாகத் தெரியும். நான் வந்த புதிதில் விடியற்காலையில் தீவின் மேற்குக் கோடியான துவாஸில் சரக்கு ஏற்றி, கிழக்குக் கோடியான சாங்கி பக்கம் இறக்கிவிட்டு, மறுபடி துவாஸுக்கே திரும்புவேன். பேச்சுத் துணைக்கு இங்குள்ள தமிழ் வானொலியான ஒலி 96.8 ஒன்றுதான். ஆனால் பிக்கப்பின் கதவில் அதைத் தயாரித்தவர்களே பொருத்தி அனுப்பும் ஸ்பீக்கரில் தவில் ஒலித்தால் தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் கேட்கும். அந்தச் சின்னக் கூம்பால் அடித்தொனிக்கு வேண்டிய காற்றைத் தள்ள முடியாது. நாகஸ்வரம் மட்டும் காதில் விழும். தவிலின் கனம் வரவே வராது. ஊர் நினைவு வரும்போது அந்தக் கனம் எவ்வளவு பெரிய விஷயம் என்பது இங்கே வந்தவனுக்குத்தான் தெரியும். எனவே ஆசைப்படுவதில் தவறே இல்லை.

வைக்கலாம். ஆனால் இரண்டு 12 அங்குலம் வேண்டாம். ஆழம் குறைந்த 10 அங்குல சப்வூஃபர் ஒன்று, காற்றுப் புகாமல் மூடிய பெட்டியில், கழற்றி எடுக்கும்படியாக. இதற்கு மேல் எதுவும் உங்கள் நிலைமைக்குப் பொருந்தாது.

வண்டி உங்களுடையது இல்லை. இங்கே வண்டி என்பது வாங்கிய விலையோடு முடிவதில்லை. சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுத்தால்தான் பத்து ஆண்டு ஓட்டலாம். அந்தப் பணத்தைப் போட்டவர் உங்கள் முதலாளி. அவரிடம் நேரில் கேளுங்கள். அவர் சரி என்றதும் அதையே ஒரு வரி குறுஞ்செய்தியாகவும் அனுப்பிப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் உடலில் ஓட்டை போட மாட்டேன், அதன் சொந்த வயரை வெட்ட மாட்டேன், காப்பீட்டு நிறுவனத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று நீங்களே முந்திக்கொண்டு சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார். கேட்காமல் பொருத்திவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது வேலை அனுமதியில் இருப்பவருக்கு ஆகாத காரியம்.

பின் இருக்கை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இடம் போதவில்லை என்று குட்டி இருக்கைகளைக் கழற்றச் சொல்வார்கள். சரக்கு வண்டியின் பக்கவாட்டில் எடையும் எத்தனை பேர் ஏறலாம் என்பதும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பதிவேட்டில் உள்ள கணக்கு. இருக்கையைக் கழற்றினால் அந்தக் கணக்கு மாறும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. பரிசோதனைக்கு வண்டி போகும்போது மாட்டிக்கொள்வது நிறுவனம், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். வாகன மாற்றங்களில் எதற்கு அனுமதி தேவை, எதற்குத் தேவையில்லை, எது கூடவே கூடாது என்று ஆணையம் தன் இணையத்தளத்தில் பிரித்துப் போட்டிருக்கிறது. வேலையைத் தொடங்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அந்தக் குட்டி இருக்கைகளில் யாராவது உட்காருகிறார்களா என்பதையும் யோசியுங்கள். என் வண்டியில் பின்னால் ஒரு வங்காளதேச நண்பர் வருவார். பதினொரு மணி நேர வேலைக்குப் பிறகு ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் என் பெட்டி இருந்தது. ஒரு நாள் இறங்கும்போது, "அண்ணா, நெஞ்சு அதிர்கிறது" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் ஏறினால், சப்வூஃபருக்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுவேன். ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் அடித்தொனியைக் கூட்டிக் குறைக்கும் சிறு குமிழ் ஒன்று கட்டாயம் வேண்டும். பல ஆம்ப்ளிஃபையர்களோடு அது சேர்ந்தே வரும்.

இனிப் பெட்டி. மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்று கடையில் கேட்பார்கள். துளை வைத்தது கடம் மாதிரி: உள்ளே இருக்கும் காற்றும் வாயில் இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட தொனியில் ஓங்கி ஒலிக்கும். சத்தம் அதிகம் கிடைக்கும். ஆனால் பெட்டி பெரிதாக வேண்டும், உங்கள் கேபினில் அதற்கு இடமில்லை. மூடிய பெட்டியில் உள்ளிருக்கும் காற்று ஸ்பிரிங் போலக் கூம்பைப் பிடித்து இழுக்கும். அடி சுத்தமாக வந்து சட்டென்று நிற்கும். தவிலுக்கும் மிருதங்கத்துக்கும் இதுதான் பொருத்தம். ஆழ்ந்த தொனியில் மூடிய பெட்டி கொஞ்சம் சோர்ந்துபோகும் என்பது உண்மை. ஆனால் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலையே எட்டரை மீட்டருக்கு மேல் நீளம். உங்கள் கேபின் அதில் கால் பங்குகூட இருக்காது. அவ்வளவு சிறிய இடத்தில் அலை பரவுவதற்குப் பதிலாக மொத்தக் காற்றும் அழுந்தி விரிகிறது. அதனால் அடித்தொனி தானாகவே தூக்கிக் கொடுக்கப்படும். பெட்டி இழந்ததைக் கேபின் ஈடுகட்டும். சின்ன கேபின் உங்களுக்குக் குறையே இல்லை.

மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, அது தோலின் எடையைக் கூட்டித் தொனியை இறக்குவதற்காக. சப்வூஃபரின் கூம்பு கனமாக இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான். பெட்டியை மிகவும் சிறியதாக்கினால் காற்று ஸ்பிரிங் விறைத்துத் தொனி மேலே ஏறிவிடும். பிறகு அது சப்வூஃபராக இல்லாமல் வெறும் முரசாகிவிடும். ஆகவே அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு கணக்குச் சொல்கிறேன்: 18 மில்லிமீட்டர் பலகையில் வெளியளவு 80 செ.மீ. நீளம், 30 செ.மீ. உயரம், 14 செ.மீ. தடிமன் என்று ஒரு பெட்டி செய்தால், பலகையின் கனம் போக உள்ளே சுமார் 21 லிட்டர் கிடைக்கும். ஆழம் குறைந்த 10 அங்குல சப்வூஃபர் பலவற்றுக்கு இது தாராளம். உள்ளே தலையணைப் பஞ்சைத் தளர்வாக நிரப்பினால் பெட்டி தன் அளவைவிடச் சற்றுப் பெரியது போல நடந்துகொள்ளும்.

கடைகளில் எம்டிஎஃப் என்னும், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையில்தான் செய்து தருவார்கள். இந்த ஊர்க் காற்றின் ஈரமும், வெயிலில் நிற்கும் வண்டியின் வெக்கையும், நனைந்த உடுப்போடு ஏறும் நம் தொழிலும் சேர்ந்தால் அது ஓரங்களில் உப்பிவிடும். பூசி அடைக்கச் சொல்லுங்கள், அல்லது ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் கேளுங்கள். பெட்டியை வெறுமனே இருக்கைக்குப் பின்னால் செருகி வைக்காதீர்கள். பதினைந்து கிலோவுக்கு மேல் எடை வரும். அவசரமாகப் பிரேக் பிடித்தால் அது உங்கள் பிடரிக்குத்தான் வரும். இருக்கையின் போல்ட்டில் தகட்டுப் பட்டை கொடுத்து இறுக்குங்கள். வண்டி மாறும் நாளில் அந்தப் போல்ட்டைத் தளர்த்திப் பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் இவ்வளவு நீளமாக எழுதுவதற்கே காரணம். வயர்.

2011-இல் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாங்கி, கடை ஒன்றில் சப்வூஃபர் பொருத்தினேன். பாட்டு அருமையாகக் கேட்டது. மூன்று மாதம் கழித்து, மழை பெய்த ஒரு மாலையில் தீவு விரைவுச்சாலையில் வந்துகொண்டிருந்தேன். முதலில் பிளாஸ்டிக் கருகும் வாடை. முன்னால் போகும் லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்தேன். பிறகு டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து வெள்ளைப் புகை. ஓரத்தில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, 10-ஆம் எண் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதற்குள் கை நடுங்கிவிட்டது. விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கும் எமாஸ் அமைப்பின் மீட்பு வண்டி வந்து காசு வாங்காமல் இழுத்துப் பக்கத்து வாகன நிறுத்துமிடத்தில் விட்டது. அங்கே வைத்து வயரை உருவிப் பார்த்தேன். என்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகட்டில் ஒரு ஓட்டை வழியாக அது வந்திருந்தது. ஓட்டையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. விரலால் தடவினால் புதிதாக வெட்டிய தகர மூடி போல இருந்தது. மூன்று மாத அதிர்வில் அந்த விளிம்பு சிவப்பு உறையை அரைத்துச் செம்பைத் தொட்டிருக்கிறது.

ஃபியூஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, பின்னால், ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில். அங்கே இருக்கும் ஃபியூஸ் ஆம்ப்ளிஃபையரைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து அதுவரை வரும் நான்கைந்து மீட்டர் வயர் வழியில் எங்கே தகட்டைத் தொட்டாலும், தடுக்க ஒன்றுமில்லாமல் பேட்டரியின் மொத்த மின்னோட்டமும் அதில் பாயும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தம்பி, இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கடையில் வேலை முடிந்ததும் பானெட்டைத் திறந்து, ஃபியூஸ் எங்கே, ரப்பர் வளையம் எங்கே என்று கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஆம்ப்ளிஃபையர் வரும் அட்டைப்பெட்டியின்மேல் 1200 வாட் என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும், ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் சிறிய எண்தான் உண்மை. 300 வாட் ஆர்எம்எஸ் உங்களுக்குப் போதும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காத டி வகுப்பு ஆம்ப்ளிஃபையரில் அதற்கு ஏறத்தாழ 27 ஆம்பியர் இழுக்கும். 8 கேஜ் தடிமனுள்ள வயரும் 40 ஆம்பியர் ஃபியூஸும் சரியாக இருக்கும். வயர் முழுச் செம்பாக இருக்கட்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது விலை குறைவு, மின்தடை அதிகம், சூடாகும்.

எர்த் கம்பியைப் பெயிண்டின்மேல் வைத்து முறுக்கிவிடுவது இன்னொரு வழக்கமான தவறு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசு ரீங்காரம் போல ஒன்று ஏறி இறங்கினால், பெரும்பாலும் காரணம் அதுதான். நீங்கள் ஏர்கான் வேலை செய்பவர், எர்த் அருமை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருக்கை போல்ட்டின் அடியில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தகடு வெள்ளி போல மின்னும்வரை சுரண்டி, அதன்மேல் வளையத்தை வைத்து இறுக்குங்கள். பவர் வயர் ஒரு பக்கக் கதவோரமாகப் போனால், பாட்டு வரும் சிக்னல் வயர் மறுபக்கமாகப் போகட்டும்.

ஆம்ப்ளிஃபையரில் கெய்ன் என்று ஒரு திருகு இருக்கும். பலரும் அதைச் சத்தம் கூட்டும் குமிழ் என்று நினைத்துக் கடைசிவரை திருப்பிவிடுகிறார்கள். கூம்பின் சுருள் கருகுவது அப்படித்தான். ரேடியோவை முக்கால் சத்தத்தில் வைத்து, ஒலி உடையத் தொடங்கும்வரை கெய்னைத் திருப்பி, அங்கிருந்து கொஞ்சம் பின்வாங்குங்கள். தாழ்ந்த தொனியை மட்டும் உள்ளே விடும் லோ பாஸ் வடிகட்டி 80 ஹெர்ட்ஸில் நிற்கட்டும்.

சத்தமாக வைத்தால் போலீஸ் பிடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஊரில் வேனில் சத்தமாகப் பாட்டு வைத்துத் தெருவுக்குள் வந்தால் பிள்ளைகள் ஓடி வந்து பார்ப்பார்கள். இங்கே நாம் வண்டி நிறுத்துவது வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளுக்கு நடுவில். சுவர்கள் உச்சத்தொனியைத் தடுக்கும் அளவுக்கு அடித்தொனியைத் தடுப்பதில்லை. பலமாடி வாகன நிறுத்துமிடத்தில் நீங்கள் ரசிக்கும் பாட்டு எட்டாவது மாடியில் தூங்கும் குழந்தைக்குப் பாட்டாகக் கேட்காது. 'தும் தும்' என்ற அதிர்வு மட்டும் போய்ச் சேரும். அந்தக் குழந்தையின் தாய் புகார் செய்தால் அதில் நியாயம் இருக்கிறது. வட்டாரச் சாலைக்குள் திரும்பும்போதே குமிழை அடியில் இறக்கிவிடுங்கள். விடுதி வாசலிலும் அப்படியே. அங்கே இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள் இருப்பார்கள். விரைவுச்சாலையிலும் ஆம்புலன்ஸின் சைரன் காதில் விழும் அளவுக்கே சத்தம் இருக்கட்டும்.

பொருத்துவதற்கு காக்கி புக்கிட், ஊபி பக்கம் கார் ஆடியோ கடைகள் நிறைய உள்ளன. வயர், ஃபியூஸ், முனைகளை மட்டும் வாங்கி நீங்களே செய்வதானால் சிம் லிம் டவருக்குப் போங்கள். குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். பேட்டரி பக்கத்தில் ஃபியூஸ் வைப்பீர்களா என்ற கேள்விக்கு யோசிக்காமல் ஆமாம் என்கிற கடையைத் தேர்ந்தெடுங்கள்.

எதையும் வாங்கும் முன், இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர் இருக்கையை நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் வைத்துவிட்டு, அதன் முதுகுக்கும் பின்சுவருக்கும் இடையே அடியில், நடுவில், மேலே என மூன்று இடத்தில் டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். குட்டி இருக்கையை மடக்கி ஒருமுறை, விரித்து ஒருமுறை. அளவு வந்ததும் பெட்டியின் படத்தை நான் வரைந்து அனுப்புகிறேன்.