அம்மாவின் சளியும் தனிக் கோப்பையும்

தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு பிரொங்கியெக்டாசிஸ் என்று ஸ்கேனில் தெரிந்ததும் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) அவருடைய கோப்பையைத் தனியாக வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தத் தனிக் கோப்பையை எடுத்துவிடுங்கள். இந்த நோய் தொற்றாது. அம்மாவுக்கு முன்பு வந்த காசநோய் போன்றவை நுரையீரலில் விட்டுப்போகும் தழும்பால் மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்துவிடும். சளி அங்கே தேங்கி, கிருமி பிடிக்கும். இருந்தாலும், காசநோய் திரும்பவில்லை என்பதை உறுதிசெய்ய மார்பு கிளினிக்கில் சளியை ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

இருமலை அடக்கும் பாணி மருந்தை நிறுத்துவது நல்லது. சளி வெளியே வரத்தான் வேண்டும். காலையில் சாப்பிடுமுன் அம்மாவை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். மூன்று நான்கு தடவை ஆழமாக மூச்சிழுத்து, கொஞ்சம் அடக்கி, மெதுவாக விடட்டும். அப்புறம் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவது போல 'ஹா' என்று தள்ளட்டும். நுவரெலியா குளிரில் இதைச் சொல்லித்தரத் தேவையே இல்லை! காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம். என் அப்பா முதல் வாரம் முணுமுணுத்தார், பிறகு அவரே செய்தார். பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை பார்த்துத் திருத்தினால் இன்னும் நல்லது.

அன்டிபயோட்டிக்கை நாலு நாளில் நிறுத்தினது சரியில்லை. டொக்டர் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள், பெரும்பாலும் 14 நாள் வரும். விறகுப் புகையில் அம்மா சமைக்கவே வேண்டாம்.

சளி பச்சையாகிக் கூடினால், காய்ச்சல் வந்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காதீர்கள். இரத்தம் வந்தால், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி, இரவானாலும்.