மூன்றாவது முறை ஏன் சொல்ல முடியவில்லை?

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் உள்ள தனியார் மருத்துவமனையின் அறுவை அரங்கில் 11 ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாகப் பணிபுரிகிறேன். சில மாதங்களுக்கு முன்பு, கர்ப்பப்பை அகற்றும் அறுவை ஒன்றில், வயிற்றை மூடுவதற்கு முன் எண்ணியபோது ஒரு மாப் (ரத்தத்தை ஒற்றியெடுக்கும் துணி) குறைந்தது. சீஃப் சர்ஜனிடம் சொன்னேன். "சரியா எண்ணுங்க சிஸ்டர், கீழதான் கிடக்கும்" என்றார். மறுபடி எண்ணிவிட்டு, இன்னும் ஒன்று வரவில்லை என்று மெதுவாகச் சொன்னேன். பதில் இல்லை, தையல் தொடங்கிவிட்டது. மூன்றாவது முறை சொல்ல எனக்கு வாய் எழவில்லை. தோலுக்குத் தையல் போடும் நேரத்தில், வேறொரு மாப்போடு ஒட்டிக்கொண்டிருந்த அது, பயன்படுத்திய துணிகளைப் போடும் கிக் பக்கெட்டில் கிடைத்தது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அன்று இரவு நான் தூங்கவில்லை. இப்போது நிர்வாகம், அரங்கின் செவிலியர்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்' (மனிதக் காரணிகள்) பயிற்சி நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறது. டாக்டர்களுக்கு நேரமில்லை, அவர்கள் வர மாட்டார்கள் என்கிறார்கள். அன்று நான் செய்தது தவறா? இந்தப் பயிற்சியால் பயன் உண்டா? எதிலிருந்து தொடங்குவது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் இரண்டு முறை சொல்லியிருக்கிறீர்கள். மாப் குறைகிறது என்ற செய்தி அந்த அறையில் இருந்த எல்லோருடைய காதிலும் விழுந்திருக்கிறது. மயக்க மருந்து கொடுத்தவர் கேட்டிருக்கிறார், உதவி சர்ஜன் கேட்டிருக்கிறார், மேசைக்கு வெளியே நின்று உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸும் கேட்டிருக்கிறார். அப்படியிருக்க, மூன்றாவது முறை சொல்லாத ஒருவர் மட்டும் இரவெல்லாம் விழித்திருந்தது எனக்கு வருத்தத்தைத் தருகிறது. உங்கள் மீது தவறு சுமத்த நான் தயாராக இல்லை. ஆனால் அந்த மூன்றாவது முறை ஏன் வரவில்லை என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். உங்கள் பயிற்சி முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே அமையலாம்.

நான் மயக்கவியல் மருத்துவராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரங்குகளில் நின்றவள். பணியில் சேர்ந்த புதிதில் ஒரு நாள், ஒரு நோயாளிக்கு மூச்சுக் குழாயைச் செலுத்த முடியாமல் தவித்துக்கொண்டிருந்தேன். மூன்று முறை முயன்ற பிறகே திரும்பிப் பார்த்தேன். எங்கள் டெக்னீஷியன், என்னை விடப் பதினைந்து வயது மூத்தவர், எனக்குத் தேவையான பூஜியை (குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி) உறையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அது கிடைத்ததும் குழாய் உள்ளே சென்றது, நோயாளி பிழைத்தார். பிறகு, ஏன் அண்ணா முன்பே நீட்டவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கலையே மேடம்" என்றார். அந்த விடையில் அவருடைய குறை எதுவும் இல்லை. அதற்கு முந்தைய வாரம் அவர் ஏதோ சொல்ல வந்தபோது நான் எரிந்து விழுந்தது எனக்கு நினைவுக்கு வந்தது.

இதே காட்சி, மிகக் கொடிய முடிவோடு, 2005ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று இங்கிலாந்தில் நடந்தது. எலைன் புரோமிலி என்ற பெண்மணி சைனஸ் தொடர்பான ஒரு வழக்கமான அறுவைக்காகப் படுக்க வைக்கப்பட்டார். மயக்கம் கொடுத்த சில நிமிடங்களில் சுவாசப் பாதை அடைபட்டு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 40 விழுக்காட்டுக்கு இறங்கியது. அறையில் இரண்டு மயக்கவியல் நிபுணர்களும் ஒரு காது மூக்கு தொண்டை சர்ஜனும் இருந்தார்கள்; மூவருமே அனுபவசாலிகள். அவர்களுடைய கவனம் முழுவதும் வாய்வழியாகக் குழாயைச் செலுத்திவிட வேண்டும் என்ற ஒன்றிலேயே குத்திட்டு நின்றுவிட, கழுத்தில் துளையிட்டுக் காற்றுப் பாதை அமைத்திருக்க வேண்டிய நேரம் அவர்களுக்குத் தெரியாமலே கடந்துபோயிற்று. ஒரு செவிலியர், கழுத்தில் துளையிடுவதற்கான டிரக்கியாஸ்டமி செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்து தெரிவித்தார். மருத்துவர்கள் பார்த்த பார்வையில் தான்தான் மிகையாக நடந்துகொண்டோமோ என்று நினைத்து, திரும்பிப் போய் அந்தப் படுக்கையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். எலைன் கண் விழிக்கவே இல்லை. 13 நாட்களுக்குப் பிறகு இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் புரோமிலி ஒரு விமானி. விமானத் துறை இந்தப் பாடத்தை ஏற்கெனவே பெரும் விலை கொடுத்துப் படித்திருந்தது. 1977 மார்ச் 27 அன்று டெனரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இன்னொரு விமானம் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறதோ என்று ஃபிளைட் இன்ஜினியர் கேட்டார். மூத்த கேப்டன் அதை ஒரு சொல்லில் ஒதுக்கிவிட்டு விமானத்தை ஓட்டினார். அது போன்ற விபத்துகளுக்குப் பின்னர்தான், கேப்டனையும் துணை விமானியையும் ஒன்றாக உட்கார வைத்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கப் பழக்கும் பயிற்சி விமானத் துறையில் வேரூன்றியது. தன் மனைவியின் மரணம் குறித்த விசாரணை யாரையும் தண்டிப்பதற்காக அமையக் கூடாது, மற்றவர்கள் கற்றுக்கொள்வதற்காக அமைய வேண்டும் என்று வற்புறுத்திய மார்ட்டின், 2007இல் மருத்துவர்கள், செவிலியர்கள், மனிதக் காரணிகள் துறை வல்லுநர்கள் ஆகியோரைச் சேர்த்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

உங்கள் வகுப்பில் இந்த நிகழ்வைச் சொல்லுங்கள். அதில் திறமையில்லாதவர் ஒருவரும் இல்லை, அக்கறையில்லாதவர் ஒருவரும் இல்லை என்பதை அழுத்திச் சொல்லுங்கள். உங்கள் சீஃப் சர்ஜனைப் பற்றியும் நான் அப்படியே நினைக்கிறேன். 'ஹியூமன் ஃபேக்டர்ஸ்' என்ற சொல்லின் பொருளும் இங்கேதான் இருக்கிறது. மனிதர் களைத்துப்போவார், ஒன்றையே உற்றுப் பார்த்து மற்றதைத் தவறவிடுவார், பெரியவரிடம் பேசத் தயங்குவார் என்பவற்றை ஒப்புக்கொண்டு, அவற்றுக்கேற்ப வேலையையும் கருவியையும் பேச்சையும் அமைப்பதே அது.

கருவிக்கு ஒரு சான்று உங்கள் அரங்கிலேயே இருக்கிறது. மயக்க மருந்து இயந்திரத்தில் நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டரை ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் உள்ள ஊசிகளும் சிலிண்டரில் உள்ள துளைகளும் வாயுவுக்கு வாயு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் அது உட்காராது. எவ்வளவு களைத்த டெக்னீஷியனாலும் அந்தத் தவறைச் செய்வது கடினம். இதற்கு நேர்மாறானது ஆம்பூல் (மருந்துக் குப்பி) தட்டு. முதுகுத் தண்டில் போட வேண்டிய மரத்துப்போகும் மருந்துக்குப் பதிலாக, பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலத்தைப் போட்டுவிட்ட விபரீதம் இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்திருக்கிறது. 'கவனமாக இருங்கள்' என்று அறிவுரை சொல்வதை விட, அந்த ஆம்பூலை ஸ்பைனல் தட்டின் பக்கமே வராமல் வேறோர் அலமாரிக்கு மாற்றிவிடுவது நூறு மடங்கு நல்லது. பயிற்சி நாளில் இந்த இடமாற்றத்தை எல்லோருமாகச் சேர்ந்து செய்யுங்கள்.

இனி பேச்சு. நம் அரங்குகளில் இதுதான் கடினமானது என்பது என் எண்ணம். பெரியவரிடம் நேராகச் சொல்லாமல் சுற்றி வளைத்துச் சொல்வதையே மரியாதை என்று நாம் சிறுவயதிலிருந்து பழகியிருக்கிறோம். "ஒரு மாப் பாத்துட்டு இருக்கோம் சார்" என்போம். "இன்னும் ஒண்ணு வரலை போல" என்போம். அந்த 'போல' என்ற சொல்லில் நம் பயம் முழுவதும் இருக்கிறது. ஆனால் ரத்தக் கசிவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சர்ஜனின் காதில் அது அவசரமாக விழுவதில்லை. மரியாதையை விடாமலே தெளிவாகப் பேசலாம். முதலில் கண்டதைச் சொல்லுங்கள்: "சார், ஒரு மாப் குறையுது." பதில் இல்லையென்றால் கவலையைச் சொல்லுங்கள்: "சார், மாப் உள்ளே இருக்குமோன்னு கவலையா இருக்கு." அதற்கும் பதில் இல்லையென்றால், "சார், நிறுத்துங்க. எண்ணிக்கை சரியாகாம வயித்தை மூட வேண்டாம்." 'சார்' என்ற சொல் மூன்றிலும் இருக்கிறது, 'போல' எதிலும் இல்லை. இப்படிப் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டும் முறையை வெளிநாட்டு மருத்துவமனைகள் பலவற்றில் கற்றுத்தருகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஆங்கில வாக்கியங்களை மனப்பாடம் செய்வதில் பயனில்லை. பதற்றத்தில் வாயில் வருவது தாய்மொழிதான். உங்கள் அரங்குக்கான வாக்கியங்களை நீங்களே தமிழில் முடிவு செய்து, உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

ஆனால் சகோதரி, செவிலியர்களையும் டெக்னீஷியன்களையும் மட்டும் உட்காரவைத்து இதைச் சொல்லிக்கொடுத்தால் நீங்கள் அவர்களுக்கு அநீதி செய்தவராவீர்கள். பேசு என்று கற்பித்து, கேட்கப் பழகாதவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதாகிவிடும். முதல் முறை வசை வாங்கியவர் இரண்டாம் முறை பேச மாட்டார். நிர்வாகத்தின் திட்டத்தில் எனக்குள்ள ஒரே ஆட்சேபணை இதுதான். அதை நான் வலுவாகவே சொல்கிறேன். டாக்டர்கள் வராத பயிற்சியை நடத்த ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நிர்வாகத்திடம் பேச உங்களுக்குச் சான்று வேண்டுமென்றால், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வைச் சொல்லுங்கள். அங்கே சர்ஜன், மயக்கவியல் மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன் எல்லோரும் சேர்ந்து வர முடியவேண்டும் என்பதற்காகவே அறுவை அரங்கை ஒரு நாள் மூடிவிட்டுப் பயிற்சி நடத்தினார்கள். அதற்கு முன் இரண்டு மாதம் தயாரிப்பு, அதற்குப் பின் ஓராண்டு தொடர் விசாரிப்பு. பயிற்சி பெற்ற 74 மருத்துவமனைகளில் அறுவை தொடர்பான ஆண்டு இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைந்தது. இன்னும் பயிற்சி பெறாதவற்றில் அது 7 விழுக்காடு மட்டுமே குறைந்தது.

வெறும் தாளை நிரப்புவதால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியல் உங்கள் கேஸ் ஷீட்டிலும் இருக்கும். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களில் அதைச் சோதித்தபோது, இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பின்னர் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியல் கட்டாயமாக்கப்பட்டு, 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. பட்டியல் ஒன்றுதான், அதைச் சொல்லிக் கேட்டார்களா, டிக் மட்டும் போட்டார்களா என்பதில்தான் வேறுபாடு இருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். அந்தப் பட்டியலில், கீறலுக்கு முன் அறையில் உள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று ஓர் அம்சம் உண்டு. அதைத்தான் நாம் முதலில் விட்டுவிடுகிறோம். தினமும் பார்க்கிறவர்களிடம் பெயர் எதற்கு என்பார்கள். அரங்கு உதவியாளரின் பெயர் தெரியாத சர்ஜன்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு முறை தன் குரலை அந்த அறையில் கேட்டுவிட்டவருக்கு அடுத்த முறை வாய் திறப்பது எளிது.

பயிற்சியை விரிவுரை மண்டபத்தில் வைக்காதீர்கள். உங்கள் தியேட்டரிலேயே, உங்கள் மேசையருகிலேயே, ஒரு பொம்மையைப் படுக்க வைத்துச் செய்யுங்கள். உங்களிடம் தெரிவிக்காமல் யாராவது ஒரு மாப்பை ஒளித்து வைக்கட்டும். சீஃப் வயிற்றை மூடத் தொடங்கட்டும். என்ன நடக்கிறது என்று பாருங்கள். இன்னொன்றில் ஆக்சிஜன் அளவு இறங்கட்டும். ஒருவர் நேரத்தை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருக்கட்டும், "ரெண்டு நிமிஷம் ஆச்சு", "நாலு நிமிஷம் ஆச்சு" என்று. ஏனென்றால் பதற்றத்தில் இருப்பவருக்குக் காலம் தெரியாது. ஒரு சுற்றில் ஆளை மாற்றி, சர்ஜனை எண்ணுகிறவராக நிற்கச் சொல்லுங்கள். தான் இரண்டு முறை சொல்லியும் யாரும் நிமிர்ந்து பார்க்காதபோது எப்படி இருக்கும் என்பதை அவர் அங்கே அறிந்துகொள்வார். முடிந்ததும் உட்கார்ந்து பேசும்போது, யார் செய்தது என்று கேட்காமல், என்ன கண்ணில் பட்டது, எது சொல்லவிடாமல் தடுத்தது என்று கேளுங்கள். உங்கள் சொந்த நிகழ்வை அன்று எல்லோர் முன்னிலையிலும் எடுக்க வேண்டாம். சீஃபுக்கு அது சபையில் வைத்துச் சொன்னதாகிவிடும்.

அவரை முன்பே தனியாகப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மயக்கவியல் மருத்துவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மார்பில் இடும் சிறு துளை வழியாக இதய அறுவை செய்யும் புதிய முறையை 16 மருத்துவமனைகள் கற்றுக்கொண்டதைப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சனும் அவருடைய சகாக்களும் ஆராய்ந்தபோது, விரைவாகக் கற்ற குழுக்களைப் பிரித்துக் காட்டியது சர்ஜனின் மூப்போ மருத்துவமனையின் புகழோ அல்ல, மற்றவர்கள் அச்சமின்றிப் பேச அவர் இடம் கொடுத்ததே என்று கண்டார்கள். அதைச் சொல்லி, கீறலுக்கு முன் எல்லோரும் சற்று நின்று சரிபார்க்கும் டைம் அவுட்டின்போது அவர் வாயாலேயே, "நான் எதையாவது விட்டுட்டா உடனே சொல்லுங்க" என்று ஒரு வாக்கியம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். எண்ணிக்கை பிசகியதாகச் சொல்லி, பிறகு மாப் பக்கெட்டில் கிடைத்தாலும், சொன்னவருக்கு அவர் நன்றி சொல்ல வேண்டும். பொய்யான எச்சரிக்கைக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத்தான் அடுத்த முறை பேசுவதா வேண்டாமா என்று எல்லோரும் முடிவு செய்கிறார்கள்.

அந்தச் சந்திப்புக்குப் போகும்போது ஒரு பக்கத் தாள் ஒன்றை எழுதி எடுத்துச் செல்லுங்கள். தொடங்கும் முன், வயிற்றை மூடும் முன், தோலை மூடும் முன் என மூன்று எண்ணிக்கை. இருவர் சேர்ந்து, வாய்விட்டு, பலகையில் எழுதி. குறைந்தால் தையல் நிற்க வேண்டும். சர்ஜன் வயிற்றுக்குள்ளும், கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸ் மேசையிலும், சர்க்குலேட்டிங் நர்ஸ் பக்கெட்டிலும் தரையிலும் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் நோயாளி மேசையை விட்டு இறங்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அதற்காகத்தானே மாப்பில் எக்ஸ்ரேயில் தெரியும் இழையை வைத்து நெய்கிறார்கள். இந்தத் தாளில் சீஃபின் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள். பயிற்சி எந்த நாளில், அரங்கை எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை அவரோடு உட்கார்ந்தே குறித்துக்கொள்ளுங்கள்.