டிஷ்வாஷர் கேள்வி பதில்: பாத்திரம் வெளுத்தால் முதலில் தண்ணீரைப் பாருங்கள்

சென்னையில் போர் தண்ணீரை வைத்துக்கொண்டே பல வருடமாக டிஷ்வாஷர் ஓட்டுகிறேன். வந்த கேள்விகளுக்கு அந்தப் பழக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, எங்கள் அபார்ட்மெண்டில் போர் தண்ணீர்தான். மெஷின் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. எவர்சில்வர் டம்ளரும் கண்ணாடியும் திருநீறு பூசியது போல வெளுத்து வருகின்றன. மெஷின் கெட்டுவிட்டதா?

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. ஒரு கண்ணாடி டம்ளரை வினிகரில் சற்று நேரம் ஊறவைத்துத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை போனால் அது தண்ணீரில் வந்த உப்புப் படிவு. போகாவிட்டால் கண்ணாடியே அரித்துப் போயிருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

படிவுதான் என்றால், உப்பு அறையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மெஷின்களின் அடியில் ரெசின் என்ற சின்னச் சின்ன மணிகள் இருக்கும். தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது பிடித்துக்கொள்ளும். பிடித்துப் பிடித்து நிறைந்ததும், உப்புக் கரைசல்தான் அதைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயாராக்குகிறது. உப்பு தீர்ந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த சோப்பு டேப்லெட் போட்டாலும் போர் தண்ணீருக்கு ஈடுகொடுக்காது.

டிஷ்வாஷருக்கென்று விற்கும் கல் உப்பையே வாங்குங்கள். சமையல் தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருட்கள் உண்டு, அவை ரெசினைக் கெடுக்கும். உப்பு போட்டதும் உடனே ஒரு முறை மெஷினை ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்பு அப்படியே கிடந்தால் உள்ளே துருப்பிடிக்கும். அப்புறம், தண்ணீரின் கடினத்தன்மைக்கு, அதாவது அதில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு என்பதற்கு ஏற்ப மெஷினில் ஒரு செட்டிங் உண்டு, வாங்கிய அன்று இருந்தபடியே விட்டுவிடாதீர்கள். டிடிஎஸ் மீட்டர் காட்டுவது தண்ணீரில் கரைந்த எல்லாவற்றின் கூட்டுக் கணக்கு. கடினத்தன்மையை அறிய தனி டெஸ்ட் ஸ்ட்ரிப் வேண்டும்.

கேள்வி: மாமியார் எல்லாப் பாத்திரத்தையும் ஒரு தடவை குழாயில் கழுவித்தான் உள்ளே வைக்கிறார். அது தேவையா?

பதில்: தேவையில்லை. இப்போதைய மெஷின்கள் ஒரு முறைக்குச் சுமார் 10 லிட்டர் தண்ணீர்தான் எடுக்கின்றன. குழாயைத் திறந்து வைத்து முன்கழுவல் செய்தால் அந்த மிச்சம் முழுவதும் அங்கேயே போய்விடும். சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலை, புளிச்சக்கை, எலும்பு இவற்றை வழித்துப் போட்டால் போதும். சாம்பார் கறை, ரசக் கறையெல்லாம் மெஷினின் வேலை. அடிப்பிடித்த பால் பாத்திரத்தை மட்டும் ஊறவைத்துத் தேய்த்துவிடுங்கள். மாமியாரிடம் வாதாட வேண்டாம். ஒரு நாள் அவர் கண் முன்னாலேயே கழுவாமல் ஓட்டிக் காட்டுங்கள்.

வழித்தபின்னும் கடுகு, எலுமிச்சை விதை தப்பித்து அடி ஃபில்டரில் சேரும். வாரம் ஒரு முறை கழற்றி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். "நாற்றம் வருகிறது" என்று கேட்ட மூன்று பேருக்கும் இதே பதில்தான். கழுவி முடிந்து சூடு ஆறியதும் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

கேள்வி: ஈகோ மோடு மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுகிறதே, கரண்ட் அதிகமாகாதா?

பதில்: குறையும். கரண்ட் பெரும்பாலும் தண்ணீரைச் சூடாக்கத்தான் போகிறது. ஈகோவில் சூட்டைக் குறைத்து, அதற்கு ஈடாக நேரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள கடாய்க்கு மட்டும் 70 டிகிரி இன்டென்சிவ். எதுவானாலும் மெஷின் நிறைந்த பிறகு ஓட்டுங்கள்.

கேள்வி: எதையெல்லாம் வைக்கக் கூடாது?

பதில்: இரும்பு தோசைக்கல் (எண்ணெய்ப் பழக்கம் போய்த் துரு ஏறும்), அலுமினிய குக்கர் (கறுத்துவிடும்), பித்தளை, செம்பு, கல்சட்டி, மரக்கரண்டி. எவர்சில்வர் தாராளமாக வைக்கலாம். கிண்ணங்களைக் கவிழ்த்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். உள்ளே சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கம்பியை ஒரு தடவை கையால் சுற்றிப் பார்த்து, எதிலும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே கதவை மூடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது.

பதில்: அந்தப் பயம் நியாயமானது. டேப்லெட்டும் பவுடரும் கடுமையான காரம், வாயையும் உணவுக்குழாயையும் புண்ணாக்கும். டேப்லெட் மிட்டாய் மாதிரி இருப்பதால் பூட்டி வைக்கிற இடத்தில் வையுங்கள். ஸ்டார்ட் பண்ணும் அந்த நொடியில்தான் உள்ளே போட வேண்டும், முன்கூட்டியே போட்டுத் திறந்து வைக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு, டப்பாவோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கத்தி, முள்கரண்டியின் கூர் முனை கீழ்நோக்கி இருக்கட்டும். முடிந்த உடனே திறந்தால் நீராவி முகத்தில் அடிக்கும், குழந்தையைத் தள்ளி நிறுத்துங்கள்.

கேள்வி: டேப்லெட் தீர்ந்துபோனது, பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஊற்றலாமா?

பதில்: ஒரு சொட்டுகூட வேண்டாம். நுரை பொங்கித் தரையெல்லாம் வழியும். அன்றைக்கு மட்டும் கையாலேயே தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகலாமா?

பதில்: கூடாது. எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் தனியாக வேண்டும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், அதுவரை மெஷினை ஓட்டாதீர்கள்.