விடியலுக்கு அஞ்சும் காதலர்

வணக்கம். நாங்கள் ஆறு பேர் மயிலாப்பூரில் ஞாயிறுதோறும் கூடி நாடகம் வாசிக்கிறோம். ‘ரோமியோ ஜூலியட்’ மூன்றாம் அங்கம், ஐந்தாம் காட்சியில் நின்றுவிட்டோம். இரவு என்றால் துன்பம், விடியல் என்றால் நம்பிக்கை என்றே படித்துப் பழகியவர்கள் நாங்கள். இங்கே இருவரும் விடியலுக்கு அஞ்சுகிறார்கள். கூவியது குயிலா, வானம்பாடியா என்று எதற்கு இவ்வளவு நேரம் வாதிடுகிறார்கள்?
- ஒரு வாசகி, சென்னை-4

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் குழப்பத்தில் பாதி அந்தக் குயிலால் வந்தது. மூலத்தில் இருப்பது நைட்டிங்கேல், இருட்டில் பாடுவதற்குப் பேர்போன பறவை. வானம்பாடியோ விடியலை அறிவிக்கும் பறவை. சென்னையில் கோடைக் குயில் விடியுமுன்பே கூவத் தொடங்கிவிடும். ‘கூவியது குயில்தான்’ என்று ஜூலியட் சொன்னால் நம் காதுக்கு அதுவே விடியல். அவள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். அந்த இடத்தில் ‘இராப்பாடி’ என்று மாற்றி வாசியுங்கள்.

அடுத்தது அச்சம். ஜூலியட்டின் உறவினன் டைபால்ட்டைக் கொன்றதற்காக ரோமியோ வெரோனாவிலிருந்து நாடுகடத்தப்பட்டவன். அகப்பட்டால் உயிர் போகும். காவல் நிலைகொள்ளும் முன், தவறினால் பொழுது புலரும்போது மாறுவேடத்தில், மாந்துவா நகருக்குப் போய்விடச் சொல்லியிருக்கிறார் பாதிரியார். ஆக, விடியல் முதலில் ஒரு கெடு. உருவகம் அதன்மேல்தான் ஏறுகிறது. எந்த நாடகத்திலும் ‘இந்தப் பொழுதில் இவர்களுக்கு என்ன நேரும்?’ என்று முதலில் கேளுங்கள். இரவுக்கு ஒரு பொருள், பகலுக்கு ஒரு பொருள் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனால் இந்தக் காட்சி திறக்காது. நம் மரபிலும் அப்படி இல்லையே! குறிஞ்சிக்கு உரிய யாமம் கூடலின் பொழுது. குறுந்தொகை 157-இல் அள்ளூர் நன்முல்லைக்குக் காதலரைப் பிரிக்க வரும் வைகறை வாள்.

வாதத்தை இரண்டு குரல்களில் உரக்கப் படியுங்கள். முதலில் ஜூலியட் ‘இராப்பாடி’ என்கிறாள். ரோமியோ மறுக்கிறான்: வானம்பாடிதான், இரவின் விளக்குகள் எரிந்து தீர்ந்தன, பகல் மலைமுகட்டில் நுனிக்காலில் நிற்கிறது. அவளோ அது சூரியன் உமிழ்ந்த எரிமீன் என்கிறாள். உடனே அவன் இறங்கிவருகிறான்: நீ சொன்னால் அது விடியலே இல்லை, சாவு வரட்டும். அந்தச் சொல் விழுந்ததும் அவள் கட்சி மாறுகிறாள்: விடிந்துவிட்டது, போ, போ! சற்றுமுன் இனிமையாகக் கேட்ட பாட்டே இப்போது அபசுரம். பறவை மாறவில்லை, அவளுடைய அச்சம் மாறிவிட்டது. இந்தத் திருப்பத்தை வேகமாகப் படித்துக் கடந்தால் வெறும் பறவைச் சண்டைதான் மிஞ்சும்.

இன்னொன்று. ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டனின் திறந்தவெளி அரங்குகளில் பிற்பகல் வெளிச்சத்திலேயே நாடகம் நடந்தது. மேடையை இருட்டாக்க விளக்கு கிடையாது. இரவையும் புலர்வையும் சொல்லால்தான் கட்ட வேண்டும். வசனம் அந்த அளவுக்கு நீள்வதற்கு அதுவும் காரணம்.

ஒளிச்சொல் ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, சொன்னவர் பெயரை ஓரத்தில் எழுதுங்கள். ஒளி ஏற ஏற நம் துயர் இருள்கிறது என்பது ரோமியோ. அதற்குப் பின் செவிலி வந்து பொழுது விடிந்ததைச் சொல்கிறாள். ஜூலியட் சாளரத்திடம் பேசுவது அப்போதுதான்: பகலை உள்ளே விடு, உயிரை வெளியே விடு. அங்கே ஒரு மூச்சு நிறுத்திவிட்டு மேலே படியுங்கள்.